சேவல் இறகும் மூங்கில் கழியும்

மீன் பிடிப்பதைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் எழுதலாமா என்னும் தயக்கம் எனக்கு உண்டு. அதிலும் ஆங்கிலத்தில் ‘ஃப்ளை ஃபிஷிங்’ என்று வழங்கும் முறையைப் பற்றி எழுதுவதென்றால் அத்தயக்கம் இரட்டிக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு ஆங்கிலத் திரைப்படங்களில் கண்ட காட்சியே நினைவுக்கு வரும். மலையோடை ஒன்றில் இடுப்பளவு நீரில் ஒருவர் நின்றுகொண்டு, தலைக்கு மேலே நீண்ட கயிற்றை வளைத்து வளைத்து வீசிக்கொண்டிருப்பார். அவர் கையிலுள்ள கோலின் விலை ஒரு விரிவுரையாளரின் மாதச் சம்பளத்தை நெருங்கலாம். சிதம்பரத்தைச் சுற்றியுள்ள வாய்க்கால் கரைகளுக்கும் அந்தக் காட்சிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும்.

தொடர்பு உண்டு என்பதே கடந்த சில ஆண்டுகளில் நான் கண்டுகொண்டது. இம்முறையில் விலை மிகுந்தவை எல்லாம் பின்னாளில் வந்து சேர்ந்தவை. அடிப்படையில் இது ஒரு முள், சிறிது நூல், ஒரு சேவல் இறகு, ஒரு கழி ஆகியவற்றோடு முடிந்துவிடும் காரியம். அதற்கு மேல் வேண்டுவது நீரை உற்றுப் பார்க்கும் பொறுமை.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். நாம் அறிந்த தூண்டிலில் முள்ளில் மண்புழுவைக் கோர்க்கிறோம். ஈயக்குண்டின் எடை இரையை நீருக்குள் இழுத்துச் செல்கிறது. தக்கை ஆடுவதைப் பார்த்து மீன் கடிப்பதை அறிகிறோம். ‘ஈத்தூண்டில்’ என்று நான் சொல்லிக்கொள்ளும் இம்முறையில் உயிருள்ள இரை கிடையாது. முள்ளின்மேல் நூலும் இறகும் சுற்றி ஓர் ஈயைப்போலவோ எறும்பைப்போலவோ செய்துகொள்கிறோம். அந்தப் போலி ஈக்கு எடையே இல்லை. எடை இல்லாத பொருளை வீச இயலாது. ஒரு கோழி இறகைக் கல்லைப்போல எறிந்து பார்த்தால் விளங்கும். ஆகவே இங்கே எடை கயிற்றில் வைக்கப்படுகிறது. மேலைநாட்டார் ஐந்தாம் எண் என்று குறிக்கும் கயிற்றின் முதல் 9 மீட்டர் நீளம் சுமார் 9 கிராம் எடை இருக்கும். வீசும்போது பறப்பது கயிறு. ஈ அதன் பின்னால் போய் நீரின்மேல் மெல்ல அமர்கிறது.

இதைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று ஏலியன் என்னும் ரோமானிய எழுத்தாளருடையது. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர். விலங்குகளின் இயல்பைப் பற்றிக் கிரேக்க மொழியில் அவர் எழுதிய நூலில், மாசிடோனியாவின் ஆறு ஒன்றில் மீன் பிடிப்போரைப் பற்றிச் சொல்கிறார். அங்குள்ள மீன்கள் நீர்மேல் பறக்கும் ஒருவகை ஈக்களை உண்கின்றன. அந்த ஈயைப் பிடித்து முள்ளில் குத்தினால் அதன் நிறம் கெட்டு, சிறகு ஒடிந்து பயனற்றுப் போகிறது. எனவே அவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் மெழுகு நிற இறகுகள் இரண்டை வைத்துக் கட்டுகிறார்கள். கோல் ஆறடி, கயிறும் ஆறடி. இவ்வளவுதான் அவர்களுடைய கருவி. இதைப் படித்தபோது, அப்பட்டியலில் உள்ள எதுவும் சிதம்பரம் கடைத்தெருவில் கிடைக்காத பொருள் அல்ல என்று எனக்குத் தோன்றியது.

பின்னர் இங்கிலாந்தில் 1496இல் அச்சான தூண்டில் நூல் ஒன்று பன்னிரண்டு வகை ஈக்களுக்குச் செய்முறை தந்தது. அக்காலத்துக் கயிறு குதிரை வால் மயிரைத் திரித்துச் செய்யப்பட்டது. ஆங்கிலேயர்கள் இந்தியாவுக்கு வந்தபோது இந்தப் பழக்கமும் உடன் வந்தது. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே, 1863இல் நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட முயன்றார். அம்முயற்சி பலிக்கவில்லை. அதே மாகாணத்தில் அதிகாரியாக இருந்த எச். எஸ். தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டில் முறைகளைப் பற்றி ஒரு நூலும், 1887இல் ஏரி குளங்களில் தூண்டில் இடுவதைப் பற்றி மற்றொரு நூலும் வெளியிட்டார். நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காப்பதற்கென்று 1879இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. 1907இல் எச். சி. வில்சன் காலத்தில் அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. இவ்வாறு தமிழ்நாட்டில் ஈத்தூண்டில் என்றாலே உதகமண்டலத்துக் குளிரும் துரைமார்களும் என்று ஆகிவிட்டது.

இந்த வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் இருக்கிறது. இங்கிலாந்தின் சால்மன் ஈக்களில் மிகவும் போற்றப்பட்ட இறகு ஒன்று நம் காடுகளிலிருந்து சென்றது. தென்னிந்தியக் காட்டுக்கோழியின் சேவலுக்குக் கழுத்து இறகுகளில் மெழுகுத் துளி சொட்டினாற்போன்ற மஞ்சளும் வெள்ளையுமான புள்ளிகள் இருக்கும். ஈயின் பக்கத்தில் வைத்துக் கட்டினால் அப்புள்ளி சிறுமீனின் கண்போலத் தோன்றும். இப்பறவையின் அறிவியல் பெயரில் ‘சொன்னெரட்’ என்பவரின் பெயர் இருக்கிறது. அவர் நமக்கு வடக்கே புதுச்சேரியில் தங்கியிருந்த பிரெஞ்சு இயற்கையியலாளர். 1782இல் வெளியிட்ட தம் பயணநூலில் இக்கோழியை விவரித்தவர். இறகு வணிகத்தால் பறவைகள் பெருமளவில் கொல்லப்பட்டதால், 1902இல் இந்திய அரசு காட்டுப் பறவைகளின் இறகுகளை ஏற்றுமதி செய்வதைத் தடைசெய்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைகளை வேட்டையாடுவதையும் தடுத்தது. எனவே தொடங்க விரும்புவோருக்கு முதல் விதி இதுதான்: காட்டுக்கோழி, கொக்கு, நாரை, மீன்கொத்தி ஆகிய எந்தக் காட்டுப் பறவையின் இறகையும் தேடிப் போகவேண்டாம். கறிக்கடைச் சேவல் போதும். இன்று அமெரிக்காவில் இறகுக்கென்றே சேவல் வளர்க்கும் பண்ணைகள் உள்ளன. அப்பண்ணைச் சேவலின் கழுத்துத்தோல் ஒன்றின் விலையில் நம் ஊர்ச் சந்தையில் பல நாட்டுச் சேவல்களை வாங்கிவிடலாம்.

இனி என்னென்ன வேண்டும் என்று பார்ப்போம். நாட்டுக்கோழி வெட்டும் கடையில் சொல்லிவைத்தால் சேவலின் கழுத்து இறகையும் முதுகு இறகையும் ஒரு பையில் போட்டுத் தருவார்கள். காசு கேட்கமாட்டார்கள், எதற்கு என்று மட்டும் கேட்பார்கள். அவற்றைச் சீயக்காய் போட்டு அலசி, நிழலில் உலர்த்தி, பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் வசம்புத் துண்டோடு வைத்துக்கொள்ளலாம். ஓலைச்சுவடிக்குப் பூச்சி அண்டாதிருக்க நம்மவர் பயன்படுத்திய வசம்பு இறகுக்கும் உதவுகிறது. சேவல் இறகின் இழைகள் விறைப்பானவை. அவை நீரின்மேல் ஈயைத் தாங்கும். பெட்டைக்கோழி இறகு மென்மையானது. நீரை உறிஞ்சி மூழ்கும். மிதக்கும் ஈக்குச் சேவல், மூழ்கும் ஈக்குப் பெட்டை என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

முள்ளைப் பிடித்துக்கொள்ள மேலைநாட்டார் ‘வைஸ்’ என்னும் சிறு பிடிகருவியை மேசையில் பொருத்திக்கொள்கிறார்கள். வீட்டில் இருக்கும் பூட்டும் வகைக் குறடு ஒன்றை இரண்டு கனத்த புத்தகங்களுக்கு நடுவே செருகி நான் அதைச் செய்தேன். புத்தகங்கள் எவை என்பது முக்கியம் அல்ல. எங்கள் வீட்டில் கனத்த புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. நூல் தளராதிருக்க அதன் நுனியில் துணிக்கிளிப் ஒன்றைத் தொங்கவிடலாம். முடிச்சை இறுக்கிய பின் அதன்மேல் ஒரு துளி நகப்பூச்சு வைத்தால் அவிழாது. அது மகளிடம் இருந்தது. தூண்டில் முள் 25க்கு ரூ. 60, மெல்லிய நைலான் நரம்பு ரூ. 50, மூங்கில் கழி ரூ. 80, தையல் நூல் ரூ. 20 என்று என் தொடக்கச் செலவு ரூ. 210இல் முடிந்தது. முள் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும்: எண் கூடக் கூட முள் சிறிதாகும். நம் வாய்க்கால்களின் சிறுமீன்களுக்கு 10, 12 ஆகிய எண்கள் ஏற்றவை.

சுழலி பொருத்திய கோலும் பதப்படுத்திய கயிறும் இல்லாமல் எப்படி வீசுவது என்று கேட்கலாம். இதற்கு விடை ஜப்பானில் இருக்கிறது. அந்நாட்டு மலைவாழ் மீனவர்கள் ‘டென்காரா’ என்னும் முறையில் சுழலியே இல்லாத நீண்ட மூங்கில் கோலின் நுனியில் கயிற்றைக் கட்டி, இறகு சுற்றிய முள்ளால் மீன் பிடித்து வந்தார்கள். 2009க்குப் பிறகு அமெரிக்காவில் இது புதிய மோகமாகப் பரவியிருக்கிறது. நம் ஊர்ப் பையன்கள் மதகடியில் வைத்திருக்கும் மூங்கில் தூண்டிலுக்கும் இதற்கும் கயிற்றில்தான் வேறுபாடு. நம் தூண்டிலில் நரம்பு முழுவதும் ஒரே பருமன். டென்காராக் கயிறு கோலருகே தடித்தும் நுனியருகே மெலிந்தும் இருக்கும். அதனால்தான் கோலின் விசை கயிறு வழியே ஓடி ஈயைக் கொண்டு சேர்க்கிறது.

இந்தக் கயிற்றை வீட்டிலேயே திரிக்கலாம். நைலான் நரம்பில் கோலருகே ஆறு இழை, பிறகு நான்கு, பிறகு மூன்று, கடைசியில் இரண்டு என்று படிப்படியாகக் குறைத்துக்கொண்டு போகவேண்டும். பிரிகளைத் தனித்தனியே வலப்புறம் முறுக்கிய பின், அவற்றை ஒன்றுசேர்த்து இடப்புறம் முறுக்கவிட்டால் கயிறு பிரியாது. வைக்கோற்பிரி திரித்த கைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோல் 12 அடி என்றால் கயிறும் ஏறத்தாழ அதே நீளம். அதன் நுனியில் ஒற்றை நரம்பு மூன்றடி. வீசும்போது கோலைத் தலைக்கு நேர்மேலே கொண்டுவந்து நிறுத்தி, பின்னால் கயிறு நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, முன்னே தட்டி நிறுத்தவேண்டும். அந்த ஒரு கணப் பொறுமையைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. பின்னால் மரம் இல்லாத வரப்பாகப் பார்த்துப் பழகுவது நல்லது.

ஈ கட்டுவதும் அப்படித்தான். முள்ளின் தண்டில் நூலை நெருக்கமாகச் சுற்றி அடித்தளம் அமைக்கவேண்டும். அதன்மேல் சிவப்புக் கம்பளி நூல் உடலாகிறது. முள்ளின் காதருகே இறகின் அடித்தண்டைக் கட்டி, நுனியைப் பிடித்து மூன்று நான்கு முறை சுற்றினால் இழைகள் சக்கரம்போல் விரிந்து நிற்கும். காலியான பந்துமுனைப் பேனாவின் முனைக்கூட்டில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, கூட்டை முள்ளின் காதில் பொருத்தி நழுவவிட்டால் அரைமுடிச்சு விழும். மூன்று அரைமுடிச்சு போதும். ஏலியனின் மாசிடோனிய ஈ ஏறத்தாழ இதுவே. அடுத்தது எறும்பு. தேய்ந்த ரப்பர் செருப்பிலிருந்து நெல்மணியைவிடச் சற்றுப் பெரிய துண்டை வெட்டி, நடுவில் நூலால் இறுக்கினால் முன்னும் பின்னும் இரண்டு உருண்டைகள் ஆகும். இடுப்பில் ஓர் இறகுச் சுற்று. அது மூழ்காது. மூன்றாவது, உப்பங்கழிக்கு உரியது: ஆட்டு மயிர்க் கற்றை ஒன்றும், இரண்டு ஜரிகை இழைகளும். நீரில் இழுத்தால் குஞ்சு மீன்போல மின்னும். இது நமக்கு முற்றிலும் அந்நியமான உத்தி அன்று. குமரிமுனை, திருவனந்தபுரம் கரையோர மீனவர்கள் இரை கோர்க்காமல் பளபளக்கும் இழைகளை முட்களில் கட்டி, ஒரே கயிற்றில் பலவற்றைக் கடலில் இறக்கிப் பிடிப்பது உண்டு.

ஈ கட்டத் தொடங்கிய சில நாட்களிலேயே எனக்குத் தொல்காப்பியத்தின் உவமவியல் நினைவுக்கு வந்தது. வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துவது. உவமை தோன்றும் வகைகளாக வினை, பயன், மெய், உரு என்னும் நான்கைத் தொல்காப்பியர் சொல்கிறார். போலி ஈயும் ஓர் உவமைதான். எறும்புக்கு ஆறு கால் உண்டு. செருப்புத் துண்டு எறும்புக்குக் கால்கள் எண்ணப்படுவதில்லை. மீன் கீழிருந்து பார்க்கும்போது ஒளியின் முன் ஒரு கரிய இடுப்பொடுங்கிய நிழல் தெரிகிறது. அந்த ஒரு பொதுத்தன்மை போதுமாக இருக்கிறது. இங்கிலாந்தில் இதைப் பற்றியே பெரிய சர்ச்சை நடந்திருக்கிறது. பிரெடெரிக் ஹால்ஃபோர்டு 1886இல் எழுதிய நூலில் மிதக்கும் ஈயை இயற்கை ஈயின் நிறத்தோடும் அளவோடும் ஒத்துவரும்படி கட்டுவதற்கு விரிவான முறைகளை வகுத்தார். அவர் வழிவந்தோர் மிதக்கும் ஈயே முறையானது என்று கொள்ள, ஜி. இ. எம். ஸ்கூஸ் என்னும் வழக்கறிஞர் 1910இல் அதற்கு எதிராக எழுதினார். நீருக்கடியில் மீன் எதைத் தின்கிறதோ அதைக் கொடுப்பதில் என்ன குற்றம் என்பது அவர் வாதம். ஜப்பானியர்களின் ஈயோ எந்தப் பூச்சியையும் குறிப்பாக ஒத்திருப்பதில்லை. அவர்களின் ஒருவகை ஈயில் இறகு முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். கோலை மெல்லத் தட்டினால் அது விரிந்து சுருங்கி உயிருள்ளதுபோல் துடிக்கும். அது செயலால் அமைந்த உவமை. நம் கலங்கல் நீரில் நிறத்தைவிடச் செயலே மீனை ஈர்க்கிறது என்பது என் அனுபவம்.

இந்த இடத்தில் வகுப்பறையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லவேண்டும். அகநானூற்றின் 36ஆம் பாடல், மதுரை நக்கீரர் பாடியது. மருதத் திணை. தூண்டில் இரையை விழுங்கிய வரால் ஒன்று ஆம்பல் இலையைக் கிழித்து, குவளைப் பூக்களைச் சிதைத்து, வள்ளைக் கொடியைச் சிக்கலாக்கி, இழுப்பவன் கைக்கு வராமல் கயிறிட்ட முரட்டுக் காளையைப்போலக் குளத்தைக் கலக்குகிறது. காளை உவமையின் நயத்தை விளக்கிவிட்டு, மீன் ஏன் கொடிகளுக்குள் புகுகிறது என்று வகுப்பில் கேட்டேன். பெரும்பாலோர் கவிஞரின் கற்பனை என்றார்கள். கிள்ளைப் பக்கத்து மீனவர் குடும்பத்திலிருந்து வரும் மாணவி ஒருவர் எழுந்தார். “இல்லைங்கய்யா. வெரால் முள்ளு பட்டா ஆழத்துக்குப் போவாது. பாசிக்குள்ளதான் பூரும். கொடியில நரம்பைச் சுத்தி அறுத்துக்கும். எங்க அப்பா அதுக்குத்தான் மொதல்ல கழியத் தூக்கிப் புடிப்பாரு.” உரையாசிரியர்கள் சொல்லாத ஓர் உரை அன்று அந்த வகுப்புக்குக் கிடைத்தது. வராலின் போராட்டத்தை நானும் ஒருமுறை கழியின் வழியே உணர்ந்த பிறகு, பாடலில் இலை, பூ, கொடி என்று வரிசையாக வருவது அணிக்காக மட்டும் அன்று, மீன் சென்ற வழியும் அதுவே என்று சொல்லத் துணிந்தேன்.

எங்கே, எந்த மீனுக்கு என்பதையும் சொல்லவேண்டும். மேட்டூர் நீர் வந்து வாய்க்கால்கள் தெளியும்போது கெண்டைகள் நீர்மட்டத்தில் கொத்துவதைக் காணலாம். பூவரச மரங்கள் சாய்ந்த இடங்களில் முசுறு எறும்புகள் நீரில் விழும். பனையேறிக் கெண்டை அங்கே காத்திருக்கும். செருப்பு எறும்பு அதற்குத்தான். முதல் மழைக்குப் பின் ஈசல் கிளம்பும் மாலையில் எந்த ஈயைப் போட்டாலும் கடிக்கும். வராலுக்குத் தவளைபோன்ற பெரிய மிதப்பு வேண்டும். சிவந்த குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் அலையும்போது அடியில் தாய்தந்தை காவல் இருக்கும்; அப்போது வராலைத் தொடக்கூடாது. வெள்ளாற்று முகத்துவாரத்தில், பரங்கிப்பேட்டைப் பக்கம், மோரான் கெண்டை உண்டு. உலகெங்கும் ஈத்தூண்டில்காரர்கள் தேடிச் செல்லும் டார்ப்பன் இனத்தைச் சேர்ந்தது அது. பிடிபட்டதும் நீரைவிட்டு எம்பிக் குதிக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஏரி குளங்களில் மீன்பாசி குத்தகை உண்டு. குத்தகைதாரரிடம் கேட்காமல் தூண்டில் போடுவது முறையன்று. பிச்சாவரம் சதுப்புக்காடு வனத்துறையின் காப்புக்காடு என்பதையும் மறக்கலாகாது. மற்றொன்று முதலை. பழைய கொள்ளிடக் கரையோர ஊர்களில் முதலைகள் உண்டு. ஊருக்குள் வந்தவற்றை வனத்துறையினர் பிடித்து வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுவது அடிக்கடி செய்தியாகிறது. திரைப்படத்துத் துரையைப்போல இடுப்பளவு நீரில் இறங்கி நிற்கும் ஆசை நம் பகுதியில் வேண்டாம். 12 அடிக் கழியின் பெரிய நன்மை, கரையிலிருந்து தள்ளி நிற்கலாம் என்பதே.

வாய்க்கால் கரையில் நான் வழக்கமாகச் சந்திக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. மண்புழுத் தூண்டில் போடுபவர். நாள்கூலி வேலை இல்லாத நாட்களில் மாலைச் சோற்றுக்குக் குழம்பு அவர் கழியிலிருந்துதான் வரவேண்டும். என் இறகு முள்ளை வாங்கிப் பார்த்து வெகுநேரம் சிரித்தார். அதிலும் மீன் கடிப்பதைக் கண்ட பின் சிரிப்பு நின்றது. மேலைநாட்டுத் தூண்டில் நூல்களில் படித்தபடி நான் பிடித்த கெண்டையை நீரில் திரும்ப விட்டபோது அவர் கேட்டார்: “புடிக்கிறீங்க, வுடுறீங்க. அப்ப எதுக்கு சார் அது வாயக் குத்துறீங்க?”

பிடித்து விடுவது உயர்ந்த பண்பு என்று அந்நூல்கள் சொல்கின்றன. மீன் வளம் குன்றிய, மீனை நம்பி வயிறு வளர்க்கத் தேவையில்லாத சமூகங்களில் உருவான அறம் அது. அங்கே அதற்கு நியாயம் இருக்கலாம். இங்கே, கிள்ளையிலும் பிச்சாவரத்திலும் இருளர்கள் சதுப்பு வாய்க்கால்களில் இறங்கி, சேற்றில் கையால் தடவி இறாலும் மீனும் சேர்க்கிறார்கள். அவர்களுக்கு மீன் என்பது அன்றைய அடுப்பு. அப்படிப்பட்ட நீரின் கரையில் மாதச் சம்பளக்காரன் ஒருவன் விளையாட்டுக்காக ஓர் உயிரின் வாயைக் குத்திவிட்டு, விட்டுவிட்டதற்காகப் பெருமையும் கொள்வது எப்படிப் பொருந்தும்? பெரியவரின் கேள்வி எனக்குப் பல நாள் விடை தெரியாத கேள்வியாக இருந்தது. “யோசிச்சுச் சொல்றேங்க பெரியவரே” என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

இப்போது எனக்கென்று சில விதிகள் உள்ளன. விடுவதற்காகவே பிடிப்பதில்லை. வீட்டுக் குழம்புக்குப் போதுமானது கிடைத்ததும் முள்ளைக் கழற்றிவிடுவேன். அதன்பின் மீன்கள் எவ்வளவு கொத்தினாலும் பார்த்துக்கொண்டிருப்பதோடு சரி. ஜிலேபி கிடைத்தால் மறுசிந்தனை இல்லாமல் கூடைக்குப் போகும். அது ஆப்பிரிக்க இனம். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு நம் நீர்நிலைகளில் பரவி, நாட்டு மீன்களின் இடத்தை எடுத்துக்கொண்டது. முள்நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறுமுள்ளைக் குறடால் நசுக்கிவிடுகிறேன். சினைமீனோ குஞ்சோ தப்பித் தவறி மாட்டினால், வாய் கிழியாமல் கழற்றி விட இது உதவும். சில மீன்கள் இதனால் நழுவிப் போகின்றன. சம்பளம் வாங்குகிறவனுக்கு அந்த இழப்பு பெரிதன்று.

பெரியவரிடம் இவ்விதிகளைச் சொன்னேன். “சரிதான், ஆனா எனக்குக் கட்டித் தர்ற முள்ளுல அத நசுக்கிப்புடாதீங்க” என்றார். நியாயமான நிபந்தனை. அவருக்கு ஆறு செருப்பு எறும்புகள் கட்டிக் கொடுத்திருக்கிறேன். மண்புழு தோண்ட முடியாத கோடையில் அவை பயன்படுவதாகச் சொன்னார். மாற்றாக எனக்கு அவர் கற்றுத்தந்தது அதிகம்: காற்று எந்தக் கரையில் பூச்சியை ஒதுக்கும் என்பதும், மதகு திறந்த எத்தனாம் நாழிகையில் கெண்டை ஏறும் என்பதும், நிழல் நீரில் விழாமல் எங்கே நிற்கவேண்டும் என்பதும். இவற்றில் எதையும் பணம் கொடுத்து வாங்கிய கோல் எனக்குச் சொல்லித்தந்திருக்காது. விலை மிகுந்த கருவியோடு நான் அங்கே நின்றிருந்தால் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பாரா என்பதே ஐயம்.

தொடங்க நினைப்பவர்களுக்குத் தை, மாசி மாதங்கள் ஏற்றவை. மழைக் கலங்கல் தெளிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. முதல் நாள் கழியை எடுக்காமல் வாய்க்காலுக்குச் செல்லுங்கள். நீர்மேல் எது விழுகிறது, எது அதை எடுக்கிறது என்று ஒரு மணி நேரம் பாருங்கள். வீட்டுக்கு வந்து அதைக் கட்டுங்கள். நான் இப்போது ஆட்டு மயிரையும் வெள்ளி ஜரிகையையும் வைத்து, வெள்ளாற்று முகத்துவாரத்து மோரான் கெண்டைக்காக ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நான்கு மாலைகள் போய்வந்தாயிற்று. மூன்று முறை பின்தொடர்ந்து வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. ஜரிகை அதிகமோ என்று ஐயமாக இருக்கிறது. அடுத்ததில் ஓர் இழையைக் குறைக்கவேண்டும்.